அந்த லேப்டாப் உன் அக்காவுடையது

ராசா,

திங்கட்கிழமையிலிருந்து மூன்று தடவை போன் செய்து ஒரே புகாரைச் சொல்லிவிட்டாய். சுகன்யா அவளுடைய ப்ராஜெக்ட் ஃபைலை உனக்கு அனுப்பவே மாட்டேன் என்கிறாளாம். கேட்டால் "நானே பாத்துக்கிறேன்" என்று மழுப்புகிறாளாம். கல்யாணத்துக்கு இன்னும் இருபத்தைந்து நாள்தான் இருக்கிறது, நல்லது செய்ய வந்தவனிடம் இப்படியா பிகு பண்ணுவது என்று உனக்குக் கோபம். அந்தப் பிள்ளையைக் கோபிக்காதே. அனுப்பாதே என்று அவளிடம் சொன்னது நான்தான். ஏன் சொன்னேன் என்பதைப் போனில் சொல்லலாம். ஆனால் போனில் நீ ஒரு காதை எனக்கும் இன்னொரு காதை ஆபீஸுக்கும் கொடுத்து "ம், ம்" என்று கேட்பாய். அதனால் கல்யாணப் பத்திரிகைக் கட்டோடு இதையும் வைத்து அனுப்புகிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும், பொறுமையாகப் படி.

நிச்சயத்தன்று நடந்ததை முதலில் சொல்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர்கள் வீட்டில் சாப்பாடு முடிந்து, பெரியவர்கள் வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்து கல்யாணச் சமையலுக்கு யாரைப் பிடிப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். சுகன்யா பட்டுப்புடவையோடு உள்ளறைக் கட்டிலில் லேப்டாப்பை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். பேராசிரியருக்கு அன்று சாயங்காலத்துக்குள் ஏதோ அனுப்ப வேண்டுமாம். அவளுடைய எம்.எஸ்ஸி. ப்ராஜெக்ட் எதைப் பற்றியது என்று உனக்குத் தெரியுமோ என்னவோ, எனக்குத் தெரியும். அவளுடைய அம்மா பிறந்த ஊரான மகாராஜபுரத்துப் பக்கம் வருஷா வருஷம் பெய்த மழையை எடுத்துப் போட்டு, கண்மாய் எந்த மாதம் நிறையும் என்று கம்ப்யூட்டரைச் சொல்லவைக்கிற வேலை. அது எங்கேயோ மக்கர் பண்ணியது. நீ பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய், "தள்ளு, நான் பாக்கேன்" என்று அவள் மடியிலிருந்து அதை எடுத்தாய். பத்து நிமிஷத்தில் ஓடவும் வைத்தாய். அவளுடைய சித்தப்பா, "மாப்ள கம்ப்யூட்டர்ல புலில்லா! இனி ஒனக்கு என்னம்மா கவலை, மாப்ளையே முடிச்சுக் குடுத்துருவாரு" என்றார். "அதெல்லாம் ரெண்டு நாள் வேலை மாமா" என்றாய் நீ. எல்லாரும் சிரித்தார்கள். பெருமையில் நானும் சிரித்தேன். சுகன்யாவும் சிரித்தாள். ஆனால் அவளுடைய இரண்டு கைகளும் லேப்டாப் இருந்த இடத்தில் சும்மா கிடந்தன. அந்தக் கைகளை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்கு யோசனை. மம்சாபுரம் விலக்கைத் தாண்டும்போது பளிச்சென்று ஞாபகம் வந்தது. உன் அக்கா ஒருநாள் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள்.

உனக்கும் அவளுக்கும் பதினான்கு மாதம்தான் வித்தியாசம். உன்னை வேன் வந்து ஏற்றிப்போகும் இங்கிலீஷ் பள்ளியில் சேர்த்தோம். அவளை நடந்து போகிற தூரத்தில் இருந்த அரசுப் பெண்கள் பள்ளியில் சேர்த்தோம். ஆண்பிள்ளை, நாளைக்குக் குடும்பத்தைத் தாங்குகிறவன் என்று அதற்கு ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டோம். அந்த ஓரவஞ்சனைக்குக் கடவுளே பதில் சொன்னதுபோல, பன்னிரண்டாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப் அவளுக்குத்தான் வந்தது. உன் பள்ளியில் அது கிடையாது. அவள் அதைப் பையோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு ராஜபாளையத்து வெயிலில் நம் தெருவுக்குள் நடந்து வந்தது இன்றைக்கும் என் கண்ணிலேயே நிற்கிறது. நம் வீட்டுக்குள் நுழைந்த முதல் கம்ப்யூட்டர் அது. மில்லிலிருந்து தலையெல்லாம் பஞ்சோடு வந்த உன் அப்பா, கைகால் கழுவித் துண்டில் துடைத்துவிட்டுத்தான் அதைத் தொட்டுப் பார்த்தார். நான் என்ன செய்தேன்? பட்டுப்புடவை இருக்கிற பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். அடிக்கடி எடுத்தால் தேய்ந்துபோகும் என்று நினைத்தேன். நீ சிரிப்பாய், சிரி.

அந்த ஒரு வருஷம் நம் வீடு இருந்த இருப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் ஏக்கமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிச்சோறு சாப்பிட்டு முடித்ததும் இரண்டு பேரும் பூனைக்குட்டி மாதிரி என் பின்னாலேயே வருவீர்கள். நான் பீரோவைத் திறந்து கொடுப்பேன். லேப்டாப் எங்கும் அந்துருண்டை வாசம் அடிக்கும். கூடத்தில் பாயை விரித்து, ஃபேனுக்கு நேர்கீழே இரண்டு பேரும் குப்புறப் படுத்து, தலையோடு தலை முட்டிக்கொண்டு கிடப்பீர்கள். உனக்கு அப்போது எதை எங்கே அழுத்துவது என்று தெரியாது. அவள்தான் உன் விரலைப் பிடித்து ஒவ்வொரு எழுத்தாக அழுத்தவைத்து உன் பெயரைத் தமிழில் வரவைத்தாள். நீ, "ஏக்கா, இன்னொருக்கா, இன்னொருக்கா" என்று கத்தினாய். உனக்கு இது ஞாபகம் இருக்கிறதா? நிச்சய வீட்டில் அவர்களிடம் "நானா நோண்டிக் கத்துக்கிட்டதுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாயே, அதனால் கேட்கிறேன்.

நான் மம்சாபுரம் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருந்தேன் அல்லவா, அங்கே சுவரில் ஒட்டுவதற்கு உன் அக்கா ஒரு தாள் அடித்துக் கொடுத்தாள். திங்கள் என்ன, செவ்வாய் என்ன, எந்தெந்தக் கிழமை என்ன சாதம் என்று கட்டம் கட்டமாகப் போட்டு, தலைப்புக்குப் பச்சை நிறம் கொடுத்து, முட்டைக்குப் பக்கத்தில் முட்டைப் படமும் வைத்திருந்தாள். ஜெராக்ஸ் கடையில் கலரில் எடுத்து வந்தாள். ஆய்வுக்கு வந்த அதிகாரி, "இது யாரும்மா செஞ்சது?" என்று கேட்டார். "எம் மக" என்று சொன்னபோது எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்த ஆயுத பூஜைக்கு லேப்டாப்புக்குச் சந்தனம் குங்குமம் எல்லாம் வைத்ததில், குங்குமம் எழுத்துப் பொத்தான்களுக்குள் இறங்கிவிட்டது. பழைய பல்தேய்க்கும் பிரஷை எடுத்து அவள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சுத்தம் செய்தாள். அதை அவள் அப்படிப் பார்த்துக்கொண்டாள்.

இனி என் தப்பைச் சொல்கிறேன். அவள் கல்லூரியில் சேர்ந்த புதிதில் ஒருநாள் ஏதோ இரண்டு மூன்று பொத்தானைச் சேர்த்து அழுத்தப் போய், திரை தலைகீழாகத் திரும்பிவிட்டது. நான் பதறிப்போய், "ஏட்டி, கவர்மெண்டு குடுத்தத இப்படிக் கெடுத்துப்புட்டியே, பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இந்த நோண்டுற புத்தி?" என்று அடிக்காத குறையாகத் திட்டினேன். உன் அப்பா மில்லில் தெரிந்த ஒருவரைக் கூட்டிவந்து ஒரே அழுத்தில் சரிசெய்த பிறகும், ஒரு வாரம் சாவியைக் கொடுக்கவில்லை. அடுத்த மாதமே நீ அதில் ஏதோ விளையாட்டை ஏற்றுகிறேன் என்று போய், உள்ளே இருந்த அத்தனையையும் அழித்தாய். அவளுடைய கல்லூரிக் கட்டுரைகள், தோழிகளோடு எடுத்த போட்டோ, அந்தச் சத்துணவுத் தாள் எல்லாம் போயிற்று. அவள் அழுதாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விடுட்டி, ஆம்பளப் பிள்ளை, நாலு எடத்துல ஒடைச்சாத்தான் படிப்பான்." சொல்லிவிட்டு உனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். நீ உடைத்து உடைத்துத்தான் கற்றுக்கொண்டாய் என்பது உண்மைதான் ராசா. உடைப்பதற்கு உனக்கு இந்த வீட்டில் அனுமதி இருந்தது. அவளுக்கு இல்லை. அதைக் கொடுக்காமல் வைத்திருந்தது வேறு யாரும் இல்லை, நான்.

மறு வருஷம் நீ சிவகாசிப் பக்கம் இன்ஜினியரிங் சேர்ந்தாய். விடுதிக்குப் போகிற அன்று உன் பெட்டியில் வேட்டி, சட்டை, ஊறுகாய் எல்லாம் வைத்தபிறகு, பீரோவைத் திறந்து அந்த லேப்டாப்பையும் எடுத்து வைத்தேன். உன் அப்பா வாசலில் நின்று, "அது அவளுக்குக் குடுத்ததுல்லா? அவளும்தான காலேஜ் போறா?" என்றார். எல்லாரும் நினைப்பதுபோல வீட்டு ஆம்பிளை தடுத்துப் பொம்பளை கெஞ்சிய கதை இல்லை இது. அவர் கேட்டார், நான்தான் வாயை அடைத்தேன். "அவ கணக்குப் படிக்கா, பேனா போதும். அவன் படிக்கிறதே இதுலதான்" என்றேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள், இரண்டு கையும் மடியில். "எடுத்துட்டுப் போகட்டும்மா" என்று அவளாகவே சொன்னாள். நான் அதை அவள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு அவளுடைய கல்லூரியில் எல்லாவற்றையும் அடித்துத்தான் தர வேண்டும் என்றார்கள். தம்பி எதற்கு இருக்கிறான்? அவள் தாளில் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புவாள், நீ விடுதியில் இருந்து அடித்து, படம் எல்லாம் வைத்து, அவள் பெயரைப் போட்டு அனுப்பிவிடுவாய். நீ ஆசையாகத்தான் செய்தாய், அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. அவளுக்கும் நல்ல மார்க். எனக்கு உங்கள் ஒற்றுமையை நினைத்து ஒரே பூரிப்பு. மூன்றாம் வருஷம் வெளியூர்க் கம்பெனி ஒன்று அவள் கல்லூரிக்கு ஆள் எடுக்க வந்தது. தேர்வு முழுக்கக் கம்ப்யூட்டரில். கேட்ட கணக்கெல்லாம் அவளுக்குத் தெரிந்ததுதான். ஆனால் ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்கு எப்படிப் போவது, விட்டதற்கு எப்படித் திரும்புவது என்று தேடித்தேடியே பாதி நேரம் போய்விட்டது. பக்கத்தில் இருந்தவளைக் கேட்கவும் கூச்சம். வகுப்பில் எப்போதும் முதலாவதாக வருகிறவள் அன்று தேறவில்லை.

வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்து, "எனக்கு இதெல்லாம் வராதும்மா" என்றாள். உன் விரலைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தவள் சொல்கிறாள், வராது என்று! "யாருட்டி சொன்னா ஒனக்கு வராதுன்னு?" என்று நான் கேட்டிருக்க வேண்டும். நான் சொன்னது, "வராட்டிப் போகுது, அதான் தம்பி இருக்கான்லா." அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அடுத்த தை மாதம் அவளை ஆலங்குளத்தில் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை தங்கமானவர், குறை சொல்லக் கூடாது. ஆனால் இன்றைக்கும் கரண்ட் பில் கட்டுவதற்குக்கூட அவள் போனை அவரிடம் நீட்டுகிறாள்.

எனக்கு மட்டும் புத்தி எப்போது வந்தது என்று கேட்பாய். வேலையின் கடைசி வருஷங்களில், தினமும் எத்தனை பிள்ளைகள் சாப்பிட்டார்கள் என்று போனில் மெசேஜ் அனுப்பச் சொன்னார்கள். தப்பாகப் போய்விட்டால் என்ன செய்வது என்று எனக்குப் பயம். தினமும் பெரிய வாத்தியாரிடம் போனைக் கொடுத்துவிடுவேன், அவர் அனுப்பித் தருவார். மூன்று வருஷம் இப்படியே ஓட்டினேன். ஒருநாள் அவர் லீவு. பக்கத்தில் யாரும் இல்லை. ஊர்ச் சாமியை எல்லாம் கும்பிட்டுவிட்டு நானே அழுத்தினேன். போய்விட்டது! இவ்வளவுதானா, இதற்கா மூன்று வருஷம் அடுத்தவர் கையைப் பார்த்து நின்றேன் என்று அடுப்படியில் நின்று எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அந்த வாத்தியார் நல்ல மனுஷர், உதவிதான் செய்தார். ஆனால் அவர் ஒரே ஒருநாள் "நீங்களே அனுப்புங்க, நான் பாத்துக்கிட்டு நிக்கேன்" என்று சொல்லியிருந்தால் எனக்கு மூன்று வருஷம் மிச்சமாகியிருக்கும். தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது எல்லாம், தொட்டதில்லை என்பதுதான்.

நிச்சயம் முடிந்த நாலாம் நாள் சுகன்யா எனக்குப் போன் செய்தாள். ரொம்பத் தயங்கி, "அத்தை, ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்க மாட்டியளே?" என்றாள். நீ அன்று மாற்றி எழுதியது நன்றாக ஓடுகிறதாம், ஆனால் நீ என்ன எழுதினாய் என்று அவளுக்குப் புரியவில்லையாம். "வாய்மொழித் தேர்வுல இத ஏன் இப்படிச் செஞ்சேன்னு கேட்டா நான் என்ன அத்தை சொல்லுவேன்? மிச்சத்தையும் அனுப்பு, முடிச்சுத் தாரேன்னு அவிய சொல்லுதாவ. நானே செய்றேன்னு சொன்னாக் கோபப்படுவாவளா?" கல்யாணம் ஆவதற்கு முன்பே ஒரு பிள்ளை தன் படிப்பைத் தான் படிப்பதற்கு மாமியாரிடம் அனுமதி கேட்கிறாள், ராசா.

செத்த நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அவள் பல்கலைக்கழகத்து லேபில் இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டராம். பையனும் பெண்ணுமாக உட்கார்ந்தால் பையன் கை மௌஸில் இருக்குமாம், பெண்பிள்ளைகள் பக்கத்தில் இருந்து ரெக்கார்டு நோட்டு எழுதுவார்களாம். கையெழுத்து அழகாக இருக்கும் என்று அந்த வேலை. ஒருநாள் பேராசிரியர், இதெல்லாம் நல்லாத் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள் என்றாராம். பையன்கள் அத்தனை பேரும் தூக்கினார்களாம். பெண்பிள்ளைகளில் ஒன்றிரண்டு பேர்தான். சுகன்யா தூக்கவில்லை. பிறகு சொல்லாமல் கொள்ளாமல் ஒரு டெஸ்ட் வைத்தால், கை தூக்காத இவளுக்குத்தான் மார்க் கூட. "அப்புறம் ஏம்மா கை தூக்கல?" என்று கேட்டேன். "முழுசாத் தெரியாம எப்படி அத்தை தூக்கறது?" என்றாள். உன்னை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ அரைகுறையாகத் தெரிந்தாலே இரண்டு கையையும் தூக்குகிற ஆள். "ஃபைலை அவனுக்கு அனுப்பாத தாயி. கேட்டா அத்தை அனுப்பக் கூடாதுன்னு சொன்னாவன்னு சொல்லு" என்றேன். அவள் என் பெயரைக்கூடச் சொல்லாமல் பழியைத் தானே சுமந்துகொண்டிருக்கிறாள் என்பது நீ போன் செய்த பிறகுதான் தெரிந்தது.

நீ அவளுக்கு உதவவே கூடாது என்று சொல்லவில்லை. கேட்டால் சொல்லிக்கொடு. பக்கத்தில் உட்காரு, உன் கையைக் கட்டிக்கொண்டு உட்காரு. அவள் தப்பாக அழுத்தினாலும் அழுத்தட்டும். இரண்டு நாள் வேலை அவளுக்கு இருபது நாள் ஆனாலும் ஆகட்டும், மண்டபத்துக்கு லேப்டாப்போடு வந்தாலும் எனக்குச் சம்மதம். அவசரத்தில் அன்பாகப் பிடுங்குகிற புத்தி உனக்கு என்னிடமிருந்து வந்தது. அது என்னோடு போகட்டும்.

போன வாரம் பத்திரிகையோடு ஆலங்குளம் போயிருந்தேன். உன் அக்காவிடம் இதையெல்லாம் சொல்லி, "அன்னைக்கு ஓங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம எடுத்துக் குடுத்தது தப்புட்டி, என்னைய மன்னிச்சுரு" என்றேன். "இதச் சொல்ல ஒனக்கு எம்புட்டு வருஷம் ஆச்சும்மா" என்றாள். இரண்டு பேரும் அழுது முடித்தபிறகு, தாலி முடிச்சுப் போடுகிற நாத்தனாருக்குச் சேலை எடுக்க வேண்டுமே, என்ன நிறம் வேண்டும் என்று தம்பி கேட்கச் சொன்னான் என்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"எனக்குச் சேலை வேண்டாம்மா. அந்தப் பிள்ளை வேலைய அவளே முடிக்கட்டும்னு அவன் வாயால சொல்லட்டும், நான் வந்து முடிச்சுப் போடுதேன். பொறவு ஒருநாள் அவ எனக்குச் சொல்லித் தரட்டும். எனக்கும் வரும்மா."

பதிலை எனக்கு எழுத வேண்டாம். உன் அக்காவுக்குப் போன் செய்.

உன் அம்மா